சைபர் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டம்: வேலையை விட்டுவிட்டு இப்போதே சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. திருச்சிக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில் 2018-இல் பி.இ. (இ.சி.இ.) முடித்தேன். அப்போதிலிருந்து சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் விண்டோஸ், லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். பேட்ச் எனும் மென்பொருள் திருத்தங்களைப் போடுவது, பயனர் கணக்குகளுக்கு அனுமதி வழங்குவது, பேக்கப் சரிபார்ப்பது ஆகியவை என் அன்றாட வேலை. மாதம் 75,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2021 டிசம்பரில் பல மென்பொருள்களில் பயன்படும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது எங்கள் குழு பல இரவுகள் விழித்திருந்து சர்வர்களைச் சரிசெய்தது. சைபர் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டும் என்ற ஆசை அப்போது வந்தது. வேலையை விட்டு இரண்டாண்டு எம்.டெக். படிக்கலாமா, வேலையில் இருந்துகொண்டே இணையவழியில் படிக்கலாமா, வெளிநாடு போகலாமா என்று குழம்புகிறேன். இந்தத் துறையில் பட்டத்தை யாரும் பார்ப்பதில்லை என்கிறார் என் மேலாளர். படிப்பு என்றைக்கும் கைவிடாது, இப்போதே முடித்துவிடு என்கிறார் அப்பா. மகனுக்கு மூன்று வயது. சர்வர் வேலையே நாளுக்கு நாள் குறைந்துவருவதால், காலம் கடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இந்த ஆண்டு வேலையை விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பட்டம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உங்களுக்கு அது பயன்படக்கூடும். ஆனால் எந்தப் பட்டம், எதற்காக என்பதைத் தீர்மானிக்கத் தேவையான அனுபவம் உங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அந்த அனுபவத்தை இப்போதைய நிறுவனத்துக்குள்ளேயே, வேறொரு குழுவுக்கு மாறிப் பெற முடியும் என்பதால், முதலில் குழு மாற்றம், பிறகு படிப்பு என்ற வரிசையைப் பரிந்துரைக்கிறேன்.

சைபர் பாதுகாப்பு என்று வெளியே ஒரே பெயரில் வழங்கினாலும், உள்ளே அது ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத பல வேலைகளின் தொகுப்பு. 'சாக்' என்று சொல்லப்படும் கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் முறையில் அமர்ந்து எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்ப்பவரும், செயலிகளை உடைத்துப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிப்பவரும், தகவல் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 27001 தணிக்கைக்கு ஆவணம் தயாரிப்பவரும், யாருக்கு எந்தக் கணக்கில் என்ன அனுமதி என்பதை நிர்வகிப்பவரும், தீங்கு நிரல்களைப் பிரித்து ஆராய்பவரும், கைப்பற்றப்பட்ட கணினியிலிருந்து நீதிமன்றத்துக்குத் தேவையான தடயங்களை எடுப்பவரும் இதே துறையில்தான் இருக்கிறார்கள். இவர்களுள் ஒருவருக்கு இன்றியமையாத பாடம் இன்னொருவருக்கு வாழ்நாள் முழுதும் தேவைப்படாமல் போகலாம். கோவை எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தின் எம்.டெக்., சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறையைச் சார்ந்து வளர்ந்த சைபர் தடயவியல் எம்.எஸ்சி., காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் படிப்புகள் ஆகியவற்றின் பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பெயரில் நெருக்கமாக இருக்கும் இவை வெவ்வேறு வேலைகளுக்கு ஆளைத் தயாரிப்பவை. லாக்4ஜே இரவுகள் உங்களுக்குள் ஏற்படுத்திய ஆர்வம் உண்மையானது. ஆனால் அந்த இரவுகளில் உங்களை ஈர்த்தது ஓட்டையைக் கண்டுபிடித்தவரின் வேலையா, எந்தெந்தச் சர்வரில் அந்த நூலகம் ஒளிந்திருக்கிறது என்று தேடிய வேலையா, வாடிக்கையாளருக்குப் பதில் சொன்னவரின் வேலையா என்பது உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புலப்படவில்லை. உங்களுக்கே அது இன்னும் தெளிவாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

நான் வங்கிகளுக்குக் கண்காணிப்புச் சேவை வழங்கும் குழு ஒன்றை நடத்துகிறேன். ஆட்களைத் தேர்வு செய்வதும் என் பொறுப்புதான். நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அதிகாலை 2 மணிக்கு அலுவலகத்தின் உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரில் ஒரு நிர்வாகக் கணக்கு உள்நுழைந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்? முதுநிலை முடித்து நேராக வருகிறவர்களில் பலர், அந்தச் சர்வரை உடனே வலையமைப்பிலிருந்து துண்டிப்பேன் என்பார்கள். டொமைன் கன்ட்ரோலரைத் துண்டித்தால் காலையில் அலுவலகம் முழுதும் உள்நுழைய முடியாமல் நிற்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. சர்வர் வேலை பார்த்தவரோ, அந்த நேரத்தில் பேக்கப் ஏதும் ஓடுகிறதா, மாற்றத்துக்கான அனுமதிச் சீட்டு இருக்கிறதா, அந்தக் கணக்கு மனிதருடையதா, மென்பொருள் இயங்கப் பயன்படும் சேவைக் கணக்கா என்று திருப்பிக் கேட்பார். இந்தக் கேள்விகளை எந்தப் பாடத்திட்டமும் உங்களுக்குத் தந்திருக்காது. ஏழாண்டு வேலை தந்திருக்கும். அதே மனிதரிடம், கடவுச்சொல்லே தெரியாத ஒரு சாதாரணப் பயனர் கெர்பரோஸ் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு முறையில் சேவைக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லை எப்படிக் கண்டுபிடிக்க முடிகிறது என்று கேட்டால் பெரும்பாலும் திணறுவார். சேவைக் கணக்கின் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்ட சீட்டை டொமைனில் உள்ள எவரும் கேட்டு வாங்கலாம், வாங்கிச் சென்று தன் கணினியில் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம் என்பது மறையாக்கத்தையும் (கிரிப்டோகிராபி) நெறிமுறைகளையும் முறையாகப் படித்தவருக்கு எளிதில் விளங்கும். உங்களுக்கு முதல் பாதி இருக்கிறது, இரண்டாம் பாதி வேண்டும். இரண்டாம் பாதியை நல்ல முதுநிலைப் படிப்பு தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை முதுநிலைப் படிப்பால் மட்டும்தான் தர முடியும் என்று நான் நம்பவில்லை.

உங்கள் மேலாளரின் கூற்றுக்கு வருகிறேன். தனியார் நிறுவனங்களில் இந்தத் துறைக்கான வேலை விளம்பரங்களில் முதுநிலைப் பட்டத்தைவிடச் சான்றிதழ்களும் அனுபவ ஆண்டுகளும் முன்னால் நிற்பது உண்மை. தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அதன் எட்டுப் பிரிவுகளுள் குறைந்தது இரண்டில், ஊதியத்துடன் கூடிய ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். ஏற்கப்படும் பட்டமோ வேறொரு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு கழித்துக்கொள்ளப்படும். இரண்டும் வைத்திருந்தாலும் கழிவு ஓராண்டுக்கு மேல் கிடையாது. இரண்டாண்டு முழுநேர எம்.டெக். இந்தக் கணக்கில் அதிகபட்சம் ஓராண்டுக்கு ஈடாகும், வகுப்பில் மாணவியாகக் கழிக்கும் காலமோ அனுபவமாகச் சேராது. அதே இரண்டாண்டு நீங்கள் வேலையில் இருந்தால் இரண்டாண்டாகவே எண்ணப்படும். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அடையாள, அணுகல் மேலாண்மை ஒரு பிரிவு. பேட்ச் மேலாண்மை, பேக்கப், பதிவுகளைக் கண்காணித்தல் ஆகியவை அடங்கிய பாதுகாப்புச் செயல்பாடுகள் இன்னொரு பிரிவு. பாதுகாப்பு என்ற சொல் பதவிப் பெயரில் இல்லாவிட்டாலும், நீங்கள் செய்த வேலையின் ஒரு பகுதி இவற்றுக்குள் வரக்கூடும். கடந்த ஏழாண்டுகளில் எந்தக் காலத்தில் எதைச் செய்தீர்கள் என்பதை மாத வாரியாக எழுதி, அந்த எட்டுப் பிரிவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அச்சான்றிதழ் பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். உங்கள் அனுபவத்துக்குச் சான்றளித்து ஒப்பமிடவும் அத்தகைய ஒருவர் உதவலாம். அனுபவம் குறைந்தால், தேர்வை எழுதிவிட்டு 'அசோசியேட்' என்ற நிலையில் இருந்தபடி ஆறாண்டுக்குள் மீதியை நிரப்பலாம்.

ஆனால் மேலாளர் சொல்வதை அப்படியே ஏற்பதிலும் ஆபத்து உண்டு. பட்டம் இல்லாமல் நுழையவே முடியாத இடங்கள் சில உள்ளன. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி முதுநிலைப் பொறியியல் வேண்டும். ஆய்வுக்கும், மறையாக்கம் போன்ற ஆழமான கிளைகளுக்கும் அது அடிப்படை. அரசு நிறுவனங்களும் பொதுத்துறை வங்கிகளும் ஆள் எடுக்கும்போது கல்வித் தகுதியை எழுத்துக்கு எழுத்து பார்க்கும்; அனுபவத்தைக் கொண்டு அதை ஈடுகட்ட இயலாது. இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று உங்கள் மனத்தில் இருந்து, கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தீர்கள் என்றால், என் பதில் தலைகீழாக மாறும்: அப்போது சீக்கிரம் படிப்பதே நல்லது. அதே போல, கணினிப் பக்கமே வராத பட்டம் பெற்று வேறு துறையில் இருப்பவருக்கும், வேலையிழந்து இடைவெளியில் நிற்பவருக்கும் முழுநேரப் படிப்பு ஒரு நேரான வழி. நீங்கள் அந்த நிலையில் இல்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த முடிவில் பலர் கட்டணத்தை மட்டும் எண்ணி, கைவிடும் சம்பளத்தை எண்ணுவதில்லை. இரண்டாண்டுக்கு உங்கள் சம்பளம், உயர்வு ஏதும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 18 லட்சம் ரூபாய். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் மதிப்பெண்ணுடன் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முழுநேரமாகச் சேருவோருக்குக் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். 24 மாதத்துக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தனியார் பல்கலைக்கழகமானால் கட்டணம் தனி. ஆக, கட்டணமே இல்லாமல் போனாலும் 15 லட்சம் ரூபாய் உங்கள் குடும்பத்திலிருந்து வெளியே போகிறது. படித்து முடித்து வரும்போது, ஏழாண்டு அனுபவம் உள்ளவராக உங்களை நடத்துவார்களா, புதிதாகத் துறைக்குள் வருபவராக நடத்துவார்களா என்பது நிச்சயமில்லை. கல்லூரி வளாகத் தேர்வில் வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்யும். துறைக்குள் ஏற்கெனவே ஈராண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போனவருக்கு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். பட்டம் அவருக்கு முன்பு இருந்ததற்கு மேல் சேரும்.

வேலையோடு படிக்கும் வழிகள் முன்பைவிடப் பெருகியிருக்கின்றன. கான்பூர் ஐ.ஐ.டி. பணியில் இருப்போருக்காகச் சைபர் பாதுகாப்பில் இ-மாஸ்டர்ஸ் பட்டம் நடத்துகிறது. கேட் மதிப்பெண் தேவையில்லை, ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் முடிக்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக், 2019-இல் தொடங்கிய இணையவழி முதுநிலைச் சைபர் பாதுகாப்புப் படிப்பை 10,000 டாலருக்கும் குறைவான மொத்தக் கல்விக் கட்டணத்தில் அறிவித்தது. பாடங்கள் கடினமானவை, வாரத்தில் கணிசமான நேரத்தைக் கேட்பவை. இவற்றில் சேரும் முன், அந்தப் பட்டத்தை எங்கே காட்டப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் வேலைக்கு என்றால் பெரிய தடை இல்லை. ஆசிரியப் பணிக்கோ அரசுப் பணிக்கோ என்றால், அது எம்.டெக்.குக்கு இணையாக ஏற்கப்படுமா, வெளிநாட்டுப் பட்டமானால் சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். அஞ்சல்வழியில் எம்.டெக். தருகிறோம் என்று எவரேனும் அழைத்தால் போகவே வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மற்ற முதுநிலைப் படிப்புகளில், யு.ஜி.சி. அனுமதித்த இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டிருப்பதால், அந்தப் படிப்பு யு.ஜி.சி.யின் அனுமதிப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ஒரு காணொளி வகுப்புத் தளத்தின் சான்றிதழ், பெரிய கல்லூரியின் முத்திரையோடு வந்தாலும், பட்டம் ஆகாது. விளம்பரங்களில் இந்த வேறுபாடு வேண்டுமென்றே மங்கலாக்கப்படுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மற்ற மென்பொருள் வேலைகளுக்கு இல்லாத ஒரு தடை சைபர் பாதுகாப்புக்கு உண்டு, அதைக் கல்வி முகவர்கள் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் இத்துறை வேலைகளில் ஒரு பெரும் பகுதி அரசையும் பாதுகாப்புத் துறை ஒப்பந்தங்களையும் சார்ந்தது. அவற்றுக்கான அனுமதி குடிமக்களுக்கே கிடைக்கும். பிரிட்டனில் அரசு சார்ந்த வேலைகளுக்குத் தேவைப்படும் பாதுகாப்பு அனுமதிக்குப் பொதுவாக ஐந்தாண்டு அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். ஓராண்டு முதுநிலை முடித்து வெளிவரும் மாணவிக்கு அது எட்டாது. மீதியுள்ள வேலைகளும் இருக்கின்றன, வங்கிகளிலும் பெரிய மென்பொருள் நிறுவனங்களிலும் நம்மவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அங்கே அனுபவம் இல்லாத முதுநிலை மாணவரைவிட, அனுபவத்தோடு வந்த முதுநிலை மாணவருக்கே இடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் படிப்புக்குப் பின் 12 மாதமும், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்பதால் மேலும் 24 மாதமும் வேலை செய்யலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் பிறகு வேண்டிய ஹெச்-1பி விசாவுக்கான புதிய மனுக்கள் சிலவற்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டதை நினைத்தால், கடன் வாங்கி அங்கே போகும் முடிவைத் துறைக்குள் நுழையும் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பத்தோடு குடிபெயர்வதே நோக்கம் என்றால் அது வேறு கணக்கு. வயது கூடுவதற்குள் போவதில் நியாயம் உண்டு.

சர்வர் வேலை குறைந்துவருகிறது என்ற உங்கள் அச்சம் சரியானது. அது குழு மாறுவதற்கான காரணம்; வேலையை விடுவதற்கான காரணமாக அதை ஆக்கிக்கொள்ள வேண்டாம். இங்கே பாதுகாப்பு வேலை பெருகுவதற்கு விதிமுறைகளும் ஒரு காரணம். வங்கிகள் கண்காணிப்பு மையம் அமைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் சொன்னது. பாதுகாப்புச் சம்பவம் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. பங்குச்சந்தை நிறுவனங்களுக்கு செபி 2024 ஆகஸ்டில் தனிக் கட்டமைப்பே வெளியிட்டது. இந்த 180 நாள் பதிவுகளை எந்தச் சர்வரில், எந்த வட்டில், யார் அழிக்க முடியாதபடி வைப்பது என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் உங்களைப் போன்றவர்தான். உங்கள் நிறுவனத்தின் உள்பணி விளம்பரங்களில் ஓட்டை மேலாண்மைக் குழுவையும் அடையாள மேலாண்மைக் குழுவையும் முதலில் தேடுங்கள். கண்காணிப்பு மையத்தின் முதல் நிலை வேலைதான் எளிதில் கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் இரவு ஷிப்டோடு வரும். மூன்று வயதுக் குழந்தையோடு அதை எப்படிச் சமாளிப்பது என்பதை நீங்களும் உங்கள் கணவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொன்ன இரண்டு குழுக்களிலும் பகல் வேலை அதிகம், உங்கள் இன்றைய அனுபவமும் அப்படியே பயன்படும்.

அங்கே ஒன்றரை முதல் இரண்டாண்டு வேலை பார்த்த பிறகு, வேலையால் விடை கிடைக்காத கேள்விகள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று பாருங்கள். நிரல்களின் உள்ளே என்றால் அமிர்தா போன்ற இடத்தின் எம்.டெக்.கோ ஜார்ஜியா டெக் போன்ற படிப்போ பொருந்தும். தடயங்கள், சட்டம் என்றால் தடயவியல் படிப்பு. நிர்வாகம், தணிக்கை என்றால் பட்டத்தைத் தள்ளிவைத்து சி.ஐ.எஸ்.ஏ. போன்ற தணிக்கைச் சான்றிதழே போதும். அப்போது உங்களுக்கு 31 அல்லது 32 வயது இருக்கும். இந்தத் துறையில் முதுநிலை படிக்க அது தாமதமான வயது கிடையாது. நிறுவனமே கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னால், படித்து முடித்த பின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதிகளைப் படித்த பின்பே கையெழுத்திடுங்கள்.

அப்பாவின் கவலைக்கும் ஒரு வழி இருக்கிறது. கேட் தேர்வை அடுத்த முறை எழுதிவிடுங்கள். அதன் மதிப்பெண் முடிவு வந்த நாளிலிருந்து மூன்றாண்டு செல்லும் என்பதால், நான் சொன்ன அந்த இரண்டாண்டைக் கடந்த பிறகும் அது உங்கள் கையில் உயிரோடு இருக்கும். இ.சி.இ. தாளை எழுத வேண்டாம், கணினி அறிவியல் தாளை எழுதுங்கள். நீங்கள் சேர விரும்பும் கல்லூரி இ.சி.இ. பட்டத்தோடு அந்தத் தாளை ஏற்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுத்தளம், நிரலாக்கம் ஆகியவற்றை அந்தத் தாளுக்காகப் படிக்க வேண்டியிருக்கும், இ.சி.இ.யில் நீங்கள் மேலோட்டமாகக் கடந்து வந்த பாடங்கள் இவை. பிறகு எம்.டெக். சேராமலே போனாலும், கெர்பரோஸ் கேள்விக்கு விடை சொல்ல இந்தப் படிப்பு உதவும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ திறக்கும், தேர்வு பிப்ரவரியில் நடக்கும்.